புயல் போன வழி – 9: இரண்டு உயரழுத்தங்களுக்கு நடுவே

ஹரிக்கேன் எவ்வளவு கொடியதாக இருந்தாலும் அதற்குத் தானாக நகரும் வலு மிகக் குறைவு. மையத்தைச் சுற்றி மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் காற்று சுழன்றாலும், அந்தச் சுழல் மறுநாள் எங்கே போய் நிற்கும் என்பதை முடிவு செய்வது அதற்கு வெளியே, ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்குப் பரந்து கிடக்கும் உயரழுத்தங்களும் தாழ்வழுத்தங்களும்தான். ஆற்று வெள்ளத்தில் உண்டாகும் சுழி, சுழன்றுகொண்டே வெள்ளம் போகும் பக்கம் போவது மாதிரி இது. 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே இது பாதி தெரிந்த சங்கதி. ஆனால் அன்றாட முன்னறிவிப்பில் இதை நம்பிக் கையெழுத்துப் போடும் துணிச்சல் வர மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று. அந்த இடைவெளியில் 1900, 1938 ஆகிய ஆண்டுகளின் செப்டம்பர் மாதங்கள் வந்துபோயின.

வட அட்லாண்டிக்கின் நடுவே, ஏறத்தாழ 30 பாகை வடக்கு அட்சரேகையை ஒட்டி, ஆண்டு முழுவதும் பெரியதோர் உயரழுத்தம் நிலவுகிறது. அதன் கிழக்கு முனை அசோர்ஸ் தீவுகள் பக்கமும் மேற்கு முனை பெர்முடா பக்கமும் இருப்பதால் இரண்டு பெயராலும் அழைக்கிறார்கள். வட அரைக்கோளத்தில் உயரழுத்தத்தைச் சுற்றிக் காற்று வலஞ்சுழியாக ஓடும். ஆகவே அதன் தென்விளிம்பில் கிழக்கிலிருந்து மேற்காகவும், மேற்கு விளிம்பில் தெற்கிலிருந்து வடக்காகவும் காற்று வீசும். ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் பிறக்கும் புயல் முதலில் தென்விளிம்போடு மேற்கே வருகிறது. உயரழுத்தத்தின் மேற்கு முனையை அடைந்ததும் வடக்கே திரும்புகிறது. இன்னும் மேலே போனால் மிதவெப்ப மண்டலத்தின் மேலைக் காற்றில் சிக்கி வடகிழக்காக, பெரும்பாலும் வெட்டவெளிக் கடலை நோக்கி ஓடுகிறது. பாடநூல் படங்களில் காணும் வளைந்த பாதை இதுதான்.

இந்த உயரழுத்தம் ஓரிடத்தில் அசையாமல் நிற்பதில்லை என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. ஒரு வாரம் அது அமெரிக்க நிலப்பரப்பின் மேல்வரை கை நீட்டும். அப்போது புயலுக்கு வடக்கே வழி அடைபட்டு, நேராக மெக்சிகோ வளைகுடாவுக்குள் போக நேரும். மறுவாரம் கண்டத்தின் மேலிருந்து ஒரு தாழ்வழுத்தப் பள்ளம் வந்து அதை இரண்டாகப் பிளக்கும். பிளவின் வழியே புயல் வடக்கே ஏறிவிடும். புயல் அதே இடத்தில், அதே வலுவோடு இருந்தாலும் சுற்றுப்புற அழுத்தம் மாறினால் போய்ச் சேரும் ஊர் இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளிப்போகலாம்.

இதில் புயலின் சொந்தப் பங்கும் கொஞ்சம் உண்டு. பூமி சுழல்வதால் காற்றில் ஏற்படும் விலகல் விசை வடக்கே போகப் போகக் கூடுகிறது. அந்த வேறுபாடு புயலின் இரு பக்கமும் துணைச் சுழல்களை உண்டாக்க, அவை சேர்ந்து புயலை மெல்ல வடமேற்காகத் தள்ளுகின்றன. நொடிக்கு ஒன்று முதல் மூன்று மீட்டர் அளவிலான சிறு நகர்வு இது. சுற்றுக் காற்று பலமாக இருக்கும்போது கணக்கிலேயே வராது.

பாதையைப் பற்றி முறையாக எழுதத் தொடங்கியவர்களில் முதன்மையானவர் ஒரு பாதிரியார். கட்டலோனியாவில் 1837இல் பிறந்த பெனிட்டோ வின்யேஸ் என்ற இயேசு சபைத் துறவி 1870இல் ஹவானாவுக்கு வந்து பெலன் கல்லூரியின் வானாய்வகத்துக்குப் பொறுப்பேற்றார். அவரிடம் இருந்தவை காற்றழுத்தமானியும், கப்பல் தலைவர்களின் கடிதங்களும், தந்தியும், கூர்ந்து பார்க்கும் கண்ணும்தான். உயரத்தில் விசிறி போல் விரியும் கீற்று மேகங்கள் எந்தப் புள்ளியிலிருந்து கிளம்புகின்றன என்று பார்த்தே, தொடுவானத்துக்கு அப்பால் உள்ள புயலின் இருப்பிடத்தைச் சொல்லிவிடுவார். 1875 செப்டம்பர் 11 அன்று அவர் ஹவானாப் பத்திரிகைகளுக்கு அனுப்பிய எச்சரிக்கை, ஹரிக்கேன் வருமுன் அச்சில் வந்த தொடக்ககால அறிவிப்புகளில் ஒன்று.

புயல்கள் எந்த மாதத்தில் எந்த அட்சரேகையில் திரும்புகின்றன என்றும் வின்யேஸ் பட்டியலிட்டார். ஜூனிலும் அக்டோபரிலும் தெற்கே, கியூபாவின் அருகிலேயே திரும்பிவிடும். ஆகஸ்டில் வெகு வடக்கே போன பிறகுதான் திரும்பும். கோடையில் பெர்முடா உயரழுத்தம் வடக்கே ஏறிக் குளிர்காலத்தை நோக்கித் தெற்கே இறங்குவதன் நிழலே இந்தப் பட்டியல் என்று இன்று எளிதாகச் சொல்லலாம். 1893இல் அவர் இறந்தபோது வானிலையாளர்களின் கையில் எஞ்சியது அந்த மாதவாரிச் சராசரி. நல்ல சராசரிதான். ஆனால் அன்றன்றைய அழுத்த வரைபடத்தைப் பார்க்காமலே தீர்ப்பெழுத அது இடம் கொடுத்துவிட்டது.

அப்படித் தீர்ப்பு எழுதியவர்களில் ஒருவர் ஐசக் கிளைன். டெக்சஸ் மாநிலத்தின் கால்வெஸ்டன் தீவுநகரில் அமெரிக்க வானிலைத் துறையின் அலுவலகத் தலைவர். மேற்கிந்தியப் புயல்கள் இயல்பாகவே வடக்கே வளைந்துவிடும், டெக்சஸ் வரை வருவது விதிவிலக்கு, கால்வெஸ்டனுக்குப் பெருஞ்சேதம் வரும் என்று அஞ்சுவது வெறும் பிரமை என்று 1891இல் உள்ளூர் நாளிதழில் எழுதினார். அதே டெக்சஸ் கரையில் இண்டியனோலா என்ற துறைமுகம் 1875இலும் 1886இலும் புயலில் சிதைந்து, இரண்டாவது அடிக்குப் பிறகு ஊரே கைவிடப்பட்டு வெகுகாலம் ஆகவில்லை. கண்ணெதிரே இரண்டு சான்றுகள் இருந்தும் சராசரியே வென்றது.

1900 செப்டம்பர் முதல் வாரத்தில் ஒரு புயல் கியூபாவைக் கடந்தது. அப்போது அதற்குப் பெரிய வலு இல்லை. வாஷிங்டனில் இருந்த தலைமையகம், அது வழக்கம்போல் வடக்கே திரும்பி ஃபுளோரிடா வழியாக அட்லாண்டிக் கரையோரம் ஏறும் என்று கணித்தது. ஹவானாவில் வின்யேஸின் வாரிசுகள் வேறு மாதிரி பார்த்தார்கள்: புயல் வலுத்துக்கொண்டு மேற்கே, டெக்சஸ் பக்கம் போகிறது என்பது அவர்கள் முடிவு. ஆனால் கியூபா அன்று அமெரிக்க ராணுவ ஆட்சியில் இருந்தது; தந்திக் கம்பிகளும் ராணுவத்தின் கையில். கியூப வானிலையாளர்களின் புயல் செய்திகள் தந்தியில் போகாதபடி, துறையின் தலைவர் வில்லிஸ் மூர் ஏற்கெனவே தடை வாங்கி வைத்திருந்தார். ஹவானாக்காரர்கள் வீண் பீதி கிளப்புகிறார்கள் என்பது வாஷிங்டனின் எண்ணம்.

அமெரிக்காவின் தென்கிழக்கின் மேல் அந்த வாரம் உயரழுத்தம் அசையாமல் நின்றது. ஃபுளோரிடா வழி அடைபட்டது. வளைகுடாவின் வெந்நீர்ப் பரப்பில் மேற்கே நகர்ந்த புயல் வழியெல்லாம் வலுத்தது. செப்டம்பர் 8 காலையில் கால்வெஸ்டன் கடற்கரையில் கிளைன் கண்ட காட்சி அவர் படித்த எதிலும் இல்லாதது. காற்று வடக்கிலிருந்து, அதாவது தரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. அப்படியானால் கடல் பின்வாங்க வேண்டும். மாறாக நீர்மட்டம் ஏறிக்கொண்டே வந்து கரையோரத் தெருக்களுக்குள் புகுந்தது. எதிர்க்காற்றையும் மீறிக் கடல் ஏறுவதை இதற்குமுன் கண்டதில்லை என்று தலைமையகத்துக்குத் தகவல் கொடுத்தார். தீவின் மிக உயர்ந்த இடம் 3 மீட்டருக்கும் குறைவு. அன்று மாலை கடல் 4.5 மீட்டருக்கு மேல் எழுந்தது. இறந்தவர்கள் 8,000 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அமெரிக்க வரலாற்றில் எந்த இயற்கைச் சீற்றமும் அத்தனை உயிர்களைப் பலிகொண்டதில்லை. கிளைனின் வீடும் இடிந்தது; அவர் மனைவி வெள்ளத்தில் மாண்டார்.

கரையேறிய பிறகு அந்தப் புயல் உயரழுத்தத்தின் மேற்கு விளிம்பைச் சுற்றி வடக்கே திரும்பி, பேரேரிகளைத் தாண்டிக் கனடாவுக்குள் போயிற்று. வளைந்தே தீரும் என்ற விதி பொய்க்கவில்லை. வளைவு, ஃபுளோரிடாவுக்குப் பதில் டெக்சஸுக்கு வடக்கே நிகழ்ந்தது.

அடுத்த நாற்பது ஆண்டுகளில் கப்பல்களில் வானொலித் தந்தி வந்தது. 1935இல் ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லில் தனிப் புயல் அலுவலகம் திறக்கப்பட்டது. பாதைகளைப் பற்றிய பட்டியல்களும் பெருகின. அவற்றில் பெரிய பட்டியலை 1924இல் வெளியிட்டவர் வானிலைத் துறையின் சார்ல்ஸ் மிட்செல். அட்லாண்டிக் புயல்களின் தடங்களை அவரைப் போல் கரைத்துக் குடித்தவர் அன்று வேறு எவரும் இல்லை எனலாம். 1938 செப்டம்பர் 21 அன்று வாஷிங்டன் அலுவலகத்தில் மூத்த முன்னறிவிப்பாளராக இருந்தவர் அவரே.

அந்த வாரம் அட்லாண்டிக்கில் வந்த ஒரு புயல் முதலில் ஃபுளோரிடாவை மிரட்டியது. ஜாக்சன்வில் அலுவலகம் எச்சரிக்கை விடுத்தது. கப்பல்களெல்லாம் விலகி ஓடின. பிறகு புயல் பஹாமாஸுக்கு வடகிழக்கே திரும்பிவிட, ஃபுளோரிடா பெருமூச்சு விட்டது. கப்பல்கள் விலகிய கடலிலிருந்து யார் செய்தி அனுப்புவார்கள்? புயலின் வேகமும் இடமும் சரியாகத் தெரியாமலே பொறுப்பு வாஷிங்டனுக்குக் கைமாறியது. 21 காலையில் அது வட கரோலினாவின் ஹாட்டரஸ் முனைக்கு அப்பால் இருந்தது. அந்த இடத்திலிருந்து வடகிழக்கே வளைந்து நடுக்கடலுக்குப் போவதுதான் வழக்கம். நியூ இங்கிலாந்து மாநிலங்களைப் பெரும்புயல் தாக்கி அறுபது, எழுபது ஆண்டுகள் ஆகியிருந்தன. மறக்கவே முடியாத அடி 1815இல் விழுந்தது.

அலுவலகத்தில் 28 வயது இளைய முன்னறிவிப்பாளர் ஒருவர் இருந்தார். பெயர் சார்ல்ஸ் பியர்ஸ். அன்றைய வரைபடத்தில் சமஅழுத்தக் கோடுகள் வழக்கமான உருவத்தில் இல்லை என்பதை அவர் கவனித்தார். பெர்முடா உயரழுத்தம் தன் இடத்தை விட்டு வெகு வடக்கே ஏறி, கனடாவின் கிழக்குக் கரையை ஒட்டி நின்றது. அமெரிக்காவின் உள்நாட்டின் மேல் இன்னோர் உயரழுத்தம். இரண்டுக்கும் நடுவே, கிழக்குக் கரையை ஒட்டித் தெற்கு வடக்காக ஒரு நீண்ட தாழ்வழுத்தப் பள்ளம். கிழக்கே இருப்பதைச் சுற்றி வலஞ்சுழியாக ஓடும் காற்று பள்ளத்தின் கீழ்ப்புறத்தில் வடக்கு நோக்கி வீசும். நடுக்கடலுக்குத் திரும்பும் வழியை வடக்கே ஏறிய உயரழுத்தம் மறித்துவிட்டது. மிச்சம் இருந்தது ஒரே திசை. புயல் நேராக வடக்கே, லாங் ஐலண்டை நோக்கிப் பாயும் என்று பியர்ஸ் வாதாடினார். மூத்தவர்கள் ஏற்கவில்லை. கரையோர மக்களுக்குப் போன அறிக்கைகள் பலத்த காற்றைப் பற்றிச் சொல்லின. ஹரிக்கேன் வருகிறது என்று சொல்லவில்லை.

மிட்செலைக் குற்றம் சாட்டுவது பிற்காலத்தில் எல்லோருக்கும் எளிதாகப் போயிற்று. நூற்றுக்கணக்கான தடங்களை அறிந்த ஒருவரிடம், எதிலும் இல்லாத ஒரு தடத்தை எதிர்பாருங்கள் என்று ஓர் இளைஞர் சொல்கிறார். கைக்கு வந்த கப்பல் செய்திகளோ மிகச் சில. பியர்ஸ் சொன்னது சரி என்பதற்கு அன்று மதியம்வரை வேறு சான்று கிடையாது. ஆனாலும் வரைபடம் இருவர் முன்னாலும் ஒன்றுதான்.

பள்ளத்தில் வீசிய தென்காற்றில் ஏறிய புயல் மணிக்கு 75 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் நகர்ந்தது. வெப்பமண்டலத்தில் ஹரிக்கேன் சாதாரணமாக மணிக்கு 15 முதல் 25 கிலோமீட்டர்தான் நகரும். இந்த வேகத்தால் இரண்டு கேடுகள் விளைந்தன. குளிர்நீரின் மேல் வலுவிழக்க அதற்கு நேரமே கிடைக்கவில்லை. அடுத்து, புயலின் வலப்பக்கத்தில் சுழலும் காற்றும் நகரும் வேகமும் ஒன்றாகக் கூடின. அந்த வலப்பக்கம் ரோட் ஐலண்ட், மாசசூசெட்ஸ் கரைகளின் மேல் விழுந்தது. பாஸ்டனுக்கு அருகே புளூ ஹில் வானாய்வகத்தில் மணிக்கு 299 கிலோமீட்டர் வேகக் காற்றுவீச்சு பதிவானது. லாங் ஐலண்டின் பெல்போர்ட்டில் அழுத்தம் 946 மில்லிபாருக்கு இறங்கியது. பிராவிடன்ஸ் நகரின் கடைத்தெருவில் ஆளுயரத்துக்கு மேல் கடல்நீர் நின்றது. காலையில் ஹாட்டரஸுக்கு அப்பால் இருந்த புயல் இரவுக்குள் வெர்மாண்ட் மாநிலத்தை எட்டிவிட்டது. 600 பேருக்கு மேல் இறந்தனர்.

லாங் ஐலண்ட்வாசி ஒருவரைப் பற்றி அப்போது முதல் சொல்லப்படும் கதை உண்டு. அஞ்சலில் வரவழைத்த புதுக் காற்றழுத்தமானி அன்று காலை வந்து சேர்ந்ததாம். பிரித்துப் பார்த்தால் முள், முகப்பில் ஹரிக்கேன் என்று எழுதிய இடத்திலேயே நின்றதாம். தட்டிப் பார்த்தும் நகராததால், பழுதான கருவியை அனுப்பிவிட்டீர்கள் என்று கடைக்குக் கோபமாகக் கடிதம் எழுதித் தபாலில் போட்டுவிட்டுத் திரும்பினாராம். வீடு இருந்த இடத்தில் வீடு இல்லை. கதை எவ்வளவு மெருகேறியதோ தெரியாது; ஆனால் அன்றைய கரையோரத்தின் மனநிலை அதில் அப்படியே இருக்கிறது.

பியர்ஸ் 1939இல் அந்தப் புயலின் வானிலை வரலாற்றைத் துறையின் மாத இதழில் எழுதினார். அந்தக் காலத்தில் தரைமட்ட வரைபடத்தை வைத்து இவ்வளவு தூரம் வந்ததே பெரிது. புயலை நடத்திச் செல்லும் காற்று தரையில் மட்டும் வீசுவதில்லை. சுமார் ஒன்றரை கிலோமீட்டரிலிருந்து 12 கிலோமீட்டர் உயரம்வரை உள்ள முழு அடுக்கின் சராசரி ஓட்டமே அது. வலுக்குறைந்த, குட்டையான புயலைக் கீழடுக்குக் காற்றே இழுத்துச் செல்லும்; நன்றாக வளர்ந்த ஹரிக்கேன் உயரே வரை ஓங்கி நிற்பதால் மேலடுக்குக் காற்றுக்கும் கட்டுப்படும். மேலே என்ன நடக்கிறது என்று அறிய அதுவரை பெரும்பாலும் விமானங்கள்தான் ஏறி இறங்கின. அதுவும் நல்ல வானிலையில். பலூனில் பறந்தபடி அழுத்தம், வெப்பம், ஈரம் ஆகியவற்றை வானொலியில் சொல்லும் ரேடியோசோண்டு கருவி 1930களின் கடைசியில்தான் அமெரிக்காவில் அன்றாடப் பயன்பாட்டுக்கு வந்தது.

இந்தப் புதிய அளவுகளுக்குப் பொருள் சொன்னவர் சுவீடனிலிருந்து வந்த கார்ல் குஸ்டாவ் ராஸ்பி. மேலடுக்கின் மேலைக் காற்று நேர்கோட்டில் ஓடாமல் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளமுள்ள அலைகளாக நெளிகிறது என்பதையும், அந்த அலைகள் எவ்வளவு வேகத்தில் நகரும் என்பதையும் 1939இல் அவர் கணக்காகத் தந்தார். அலையின் மேடு உயரழுத்தம், பள்ளம் தாழ்வழுத்தம். பெர்முடா உயரழுத்தத்தைப் பிளக்க அடுத்த பள்ளம் எப்போது வரும் என்ற கேள்வி, அதுவரை அனுபவசாலியின் ஊகமாக இருந்தது, கணக்குக்கு வந்தது. ஜாக்சன்வில்லிலும் பிறகு மயாமியிலும் புயல் அலுவலகத்தை நடத்திய கிரேடி நார்ட்டன் 1940களில் மேலடுக்குக் காற்றையே பெரிதும் நம்பினார். 1954 அக்டோபரில் ஹேசல் என்ற ஹரிக்கேன் கரீபியனில் இருந்தபோதே அவர் இறந்துபோனார். அந்த ஹேசல், மேற்கிலிருந்து வந்த ஆழமான பள்ளத்தில் சிக்கி, கரோலினாவில் கரையேறிய அன்றிரவே கனடாவின் டொராண்டோவை வெள்ளத்தில் மூழ்கடித்தது. 1938 மாதிரியான பாய்ச்சல் அபூர்வமே தவிர, ஒருமுறை மட்டும் நடந்த விந்தையாகாது என்பது அத்தோடு உறுதியானது.

1950இல் ஜூல் சார்னி, ராக்னர் ஃபியோர்டாஃப்ட், ஜான் ஃபான் நாய்மான் ஆகியோர் எனியாக் கணினியில் முதல் வானிலை முன்கணிப்பை ஓட்டியபோது எடுத்துக்கொண்டதும் மேலடுக்கு ஓட்டத்தைத்தான்: 500 மில்லிபார் மட்டம், ஏறத்தாழ ஐந்தரை கிலோமீட்டர் உயரம். 24 மணி நேர முன்கணிப்புக்கு இயந்திரம் ஏறக்குறைய 24 மணி நேரம் எடுத்துக்கொண்டது. வேகம் பின்னால் வந்தது. 1997 முதல் அமெரிக்க அரசின் ஜெட் விமானம் ஒன்று ஹரிக்கேன்களைச் சுற்றியுள்ள ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வானத்தில் பறந்து, பாராசூட்டில் இறங்கும் அளவுக் கருவிகளைப் போட்டு வருகிறது. புயலின் கண்ணுக்குள் நுழையும் விமானங்களே செய்திகளில் இடம்பிடிக்கின்றன. பாதைக் கணிப்பைத் திருத்துவதில் இந்த வெளிவட்ட விமானத்தின் பங்கு பெரிது. மூன்று நாள் முன்னதாகச் சொல்லும் பாதைக் கணிப்பின் பிழை 1990ஐ ஒப்பிட்டால் இப்போது மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கியிருக்கிறது.

2012 அக்டோபரில் சாண்டி என்ற ஹரிக்கேன் வந்தபோது இந்தக் கணக்குகள் அரிய சோதனைக்கு உள்ளாயின. கியூபாவைத் தாண்டி வடக்கே ஏறிய சாண்டி, வழக்கப்படி வடகிழக்கே போக வேண்டும். ஆனால் கிரீன்லாந்துக்குத் தெற்கே ஓர் உயரழுத்தம் தடுப்பாக நின்றது. கண்டத்தின் மேல் ஆழமான பள்ளம் ஒன்று வந்துகொண்டிருந்தது. 1938இன் அமைப்புக்கு இது பங்காளி. ஆனால் விளைவு இன்னும் விசித்திரம். தடுப்பும் பள்ளமும் சேர்ந்து புயலை இடப்பக்கம், மேற்கே திருப்பிவிட்டன. ஐரோப்பிய நடுத்தரக் கால முன்னறிவிப்பு மையத்தின் கணினி இந்தத் திருப்பத்தை ஒரு வாரத்துக்கு முன்பே காட்டியது. அமெரிக்கக் கணினி மாதிரி முதலில் புயலைக் கடலுக்கே அனுப்பிக்கொண்டிருந்தது. அக்டோபர் 29 மாலை சாண்டி ஏறத்தாழ செங்குத்தாக நியூ ஜெர்சிக் கரையில் மோதியது. அந்தக் கரையில் அப்படியொரு கோணத்தில் புயல் வருவதற்கான வாய்ப்பு சுமார் 700 ஆண்டுக்கு ஒருமுறை என்று பின்னர் ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர்.

வழிநடத்த ஆளே இல்லாமல் போவதும் உண்டு. 2017 ஆகஸ்ட் 25 அன்று டெக்சஸின் ராக்போர்ட் அருகே ஹார்வி என்ற ஹரிக்கேன் கரையேறியது. மேற்கே ஓர் உயரழுத்தம், கிழக்கே ஓர் உயரழுத்தம். ஒன்று தெற்கே தள்ள, மற்றொன்று வடக்கே தள்ள, இரண்டும் ஏறக்குறைய சமபலம். 1938இலும் இரண்டு உயரழுத்தங்கள்தான். அன்று நடுவே பலத்த தென்காற்று ஓடியது, இங்கே ஓட்டம் செத்துவிட்டது. ஹார்வி நாட்கணக்கில் அதே வட்டாரத்தைச் சுற்றிவந்து, வளைகுடாவின் ஈரத்தை ஹூஸ்டன் பகுதியின் மேல் கொட்டித் தீர்த்தது. டெக்சஸின் நெடர்லாண்டில் 1,500 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பதிவாயிற்று. மீண்டும் கடலுக்குள் இறங்கிய புயல் ஆகஸ்ட் 30 அன்று லூசியானாவில் மறுபடியும் கரையேறி, ஒருவழியாக வடகிழக்கே நகர்ந்தது.